பின்னாலிருந்து ஒரு முனகல்

பங்காருப்பேட்டையிலிருந்து வரும் ரயில் பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட பிறகு இந்த ஊர்த் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறிப் பிழைக்கிறார்கள். ரயிலை விட்டுவிட்டு ஒரு பழைய அம்பாஸடரை நம்பியிருக்கிறவர்களும் உண்டு. அந்த வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கமிருந்து முனக ஆரம்பித்தால் வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடும்.

டிஃபரன்ஷியல் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்வார். இரண்டு வழி. பழைய இரும்புக் கடையில் இன்னொன்றைப் பிடித்து மாட்டுவது ஒரு நாள் வேலை. இருப்பதையே பிரித்துப் புதுப்பிப்பதென்றால் மூன்று நான்கு நாள் ஓட்டம் நின்றுபோகும். பெரும்பாலோர் முதல் வழியில்தான் போகிறார்கள். என் கணக்கில் அது லாட்டரிச் சீட்டு. உத்தர்பாராவில் அம்பாஸடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. கடையில் கிடைப்பது இன்னொருவர் ஓட்டித் தேய்த்ததுதான். அது எவ்வளவு தேய்ந்தது என்பது மாட்டி ஓட்டும்போதுதான் காதில் விழும்.

ஆனால் எதையும் கழற்றுமுன் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது முனகி, காலை எடுத்ததும் அடங்கினால் கிரவுன் வீல், பினியன் பற்களின் ஒரு பக்கத்தில் சந்தேகம். காலை எடுத்த பிறகு முனகினால் பினியன் பேரிங்கைப் பார்க்க வேண்டும். திரும்பும்போது மட்டும் சத்தம் என்றால் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களோ, சக்கர பேரிங்கோ காரணமாக இருக்கலாம். கிளட்சை விடும்போது 'டொக்' என்று ஓர் அடி விழுந்தால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைப் பாருங்கள். சில நூறு ரூபாய் கிராஸுக்காக முழு டிஃபரன்ஷியலையே பலி கொடுத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

புதுப்பிப்பதில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. கிரவுன் வீலும் பினியனும் தம்பதி மாதிரி. தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்றை உரசவிட்டு, பல்லுக்குப் பல் பொருத்தி, ஜோடியாகவே அனுப்புகிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஆயுள் முழுக்க ஊளைதான். மாற்றுவதானால் இரண்டையும் மாற்ற வேண்டும். பேரிங், சீலையும் கூடவே புதிதாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

மீதி எல்லாம் அளவு. இரண்டு பற்களுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர், அதாவது ஒன்றிரண்டு தலைமுடியின் கனம். இதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். டயல் கேஜ் வேண்டும். பிறகு பல்லில் வண்ணப் பசை தடவிச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. நுனியிலோ அடியிலோ விழுந்தால் மறுபடி கழற்றி, ஷிம் தகடு மாற்றி, மறுபடி மாட்ட வேண்டும். நாள் போவது இதில்தான்.

கோலார் தங்கவயலுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றிய ஊர். புல்டோசர் செய்யும் பி.இ.எம்.எல். தொழிற்சாலையும் இங்கே இருக்கிறது. தட்டுப்பாடு இளம் மெக்கானிக்குகளிடம். 1983இல் வந்த மாருதி 800இல் முன்சக்கரங்கள்தான் இழுத்தன. டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்துவிட்டது. அதன் வழியில் வந்த கார்களிலேயே தொழில் பழகிய பையன் பின் ஆக்ஸிலை எங்கே பிரித்துப் பார்த்திருப்பான்? ஆனால் பொலிரோவும் சுமோவும் லாரியும் பின்னால் சுழலும் பற்சக்கரத்தில்தான் ஓடுகின்றன. கற்றுக்கொண்டால் வீண்போகாது.

எண்ணெயில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஹைப்பாய்ட் வகையில் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. எஞ்சின் ஆயில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. அதற்கென்றே உள்ள கியர் ஆயில் வேண்டும். ஒழுகினால் சீலைக் குறை சொல்லுமுன் ஆக்ஸில் மேலே உள்ள சின்ன மூச்சுத்துளையைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால், சூடேறிய காற்று வேறு வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். சயனைட் மேடுகளிலிருந்து மண் பறக்கும் மாரிகுப்பத்தில் இதை எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஒரு கம்பியால் குத்திவிடலாம்.