வீட்டில் வைத்த ஒற்றன்

திருவள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரம் வகுத்தார். அதனைப் பொருட்பாலில், ஆள்வோர்க்குரிய கடமைகளுள் வைத்தார். எவன் சோற்றை உண்கின்றானோ அவனுக்கே உண்மையாயிருத்தல் ஒற்றனுக்கு முதல் இலக்கணம். இன்றோ, வேலூரிலும் ஆம்பூரிலும் நம் மக்கள் தம் கைப்பொருள் கொடுத்து ஓர் ஒற்றனை வாங்கி, வாயிலிலும் கூடத்திலும் நிறுத்தி, மின்னாற்றலும் ஊட்டி வளர்க்கின்றனர். அவன் யாருக்கு வேலை செய்கின்றான் என்பதை மட்டும் கேட்பதில்லை! கடையில் ‘கேமரா’ எனக் கேட்டு வாங்கும் கண்காணிப்புப் படக்கருவியையே ஒற்றன் என்கின்றோம்.

கருவியே வேண்டா என்பது நம் கருத்தன்று. இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிட்டும் காலணி தைத்தும் வாழும் ஊர்களில், விடிந்ததும் தொழிலகப் பேருந்தேறும் பெண்கள் பல்லாயிரவர். முதியோரையும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளையும் விட்டுச் செல்லும் தாயொருத்தி வீட்டு வாயிலில் ஒரு கண்ணைப் பொருத்த விரும்பினால், அவளை எள்ளுதற்கு எவர்க்கும் உரிமையில்லை. அக்கண் அவளுடையதாக இருத்தல் வேண்டும் என்பதே நம் வழக்கு.

கருவியால் ஆவதும் ஆகாததும் எவை? 2021 திசம்பரில் வேலூர்த் தோட்டப்பாளையத்து நகைக்கடை ஒன்றில், சுவரைத் துளைத்து நுழைந்த கள்வன் படக்கருவிகளின்மேல் பூச்சைத் தெளித்துக் குருடாக்கிவிட்டு, ஏறத்தாழ 15 கிலோ பொன்னை அள்ளிச் சென்றான். பூச்சுத் தெளித்த முகமூடி உருவம் பதிவில் நின்றது. சில நாள்களில் காவல்துறை அவனைப் பிடித்தது. ஒடுகத்தூர் இடுகாட்டில் புதைத்திருந்த நகைகளும் மீண்டன. கருவி களவைத் தடுக்கவில்லை. அது காவலன் அன்று, சான்றாளனே. சான்றாளனின் பயன் அவன் நினைவில் உள்ளது. அந்நினைவு எங்கே, எவர் கையில் இருக்கின்றது என்பதே வினா.

விலை மலிந்த கருவிகள் பல, கைப்பேசிச் செயலியில் கணக்குத் தொடங்கினாலன்றி இயங்கா. நம் கூடத்துக் காட்சி அயல்நிறுவனத்தின் கிடங்கிற்குச் சென்று, அங்கிருந்து நம் கைக்கே திரும்புகின்றது. அதற்கான ஒப்பந்தமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக நீள்கின்றது. படித்துணர முடியாத ஓலையில் கைச்சாத்திட்டு நிலத்தை இழந்த நம் முன்னோர் கதை, இன்று ‘ஒப்புகின்றேன்’ என்னும் ஒரு பொத்தானில் தொடர்கின்றது!

“எம் வீட்டில் மறைப்பதற்கு என்ன இருக்கின்றது?” என்பார் உளர். குசராத்து மாநிலம் இராசுகோட்டில் ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் பெண்கள் மருத்துவ ஆய்வுக்குள்ளான காட்சிகள் களவாடப்பெற்று, தெலிகிராம் குழுக்களில் விலை பேசப்பெற்ற கொடுமை 2025 பிப்பிரவரியில் வெளிப்பட்டது. அங்குக் கதவை எவரும் உடைக்கவில்லை. ‘அட்மின்123’ என்னும், எவரும் அறிந்த கடவுச்சொல் மாற்றப்படாமலே கிடந்தது. மறைப்பதற்கு ஏதுமில்லாதவர்க்கும் மானம் உண்டு, அன்பர்களே!

கடைக்காரர் “படம் வெளியே போகாது” என்றால் போதுமா? படம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என விளம்பி விற்கப்பெற்ற யூஃபி கருவிகள், சிறு படங்களை இணையக் கிடங்கிற்கு ஏற்றியதை 2022 நவம்பரில் ஓர் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். எனவே சொல்லை நம்பாது செயலை ஆய்க. கடையிலேயே இணைய இணைப்பைப் பிடுங்கச் சொல்லுங்கள். அதன் பின்னும் கருவி பதிகின்றதா? பதிந்ததைத் திரையில் காட்டுகின்றதா? கணக்குத் தொடங்காமலே இயங்குகின்றதா? மூன்றற்கும் ஆம் என்றாலே வாங்குக. வெவ்வேறு நிறுவனத்துக் கருவிகள் தம்முள் ஒத்தியங்க வகுத்த ‘ஆன்விஃப்’ என்னும் பொதுநெறிக்கு இணங்கியதாயின், ஒரே நிறுவனத்திற்கு அடிமையாக வேண்டுவதில்லை.

காட்சியும் மின்னாற்றலும் ஒரே கம்பியில் செல்லும் வகை சிறந்தது. கடைகளில் ‘என்விஆர்’ எனப்படும் பதிவுப்பெட்டியின் துளைகளிலேயே கருவிகளை நேரே பொருத்துக. பதிவுப்பெட்டி இணையத்தைத் தொடாதவாறு ‘ரவுட்டரில்’ தடை இடுக. அயலிலிருந்து பார்க்கும் ‘பி2பி’ வசதியை அணைத்துவிடுக. முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றுக. பொருத்த வந்த பணியாளரிடமும் அது தங்கக் கூடாது. இணையம் இல்லாத கருவியின் கடிகாரம் மெல்லப் பிழைபடும்; திங்களுக்கொரு முறை திருத்துக. பிழைபட்ட மணி காட்டும் சான்று வழக்கில் ஐயத்திற்கு இடந்தரும். ஒவ்வொரு கருவியும் நொடிக்கு 2 மெகாபிட்டு அளவில் பதிந்தால், நான்கு கருவிகளுக்கு 2 தெராபைட்டு வன்தட்டு ஏறத்தாழ 23 நாள் தாங்கும். ஒரு வீட்டிற்கு இது போதும்.

இதனால் சில வசதி குறையும் என்பதை மறைக்கமாட்டோம். வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் தாயின் வாயிலைக் காண விரும்பினால், வீட்டிலேயே ‘விபிஎன்’ எனப்படும் மறைவழி ஒன்றை, இணைய நுட்பம் அறிந்த இளைஞரைக் கொண்டு அமைத்தல் வேண்டும், சிறிது உழைப்புத்தான். கள்வன் பதிவுப்பெட்டியையே தூக்கிச் சென்றால் சான்றும் போகும். ஆகவே அதனைக் கூடத்தில் காட்சிக்கு வைக்காது, பூட்டிய மறைவிடத்தில் வைக்க. இவ்விரு தொல்லைக்காகவும் வீட்டையே அயலான் கண்முன் திறந்து வைப்பது, எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதாகும்.

இன்னொன்று: நாம் பிறர்க்கு ஒற்றராதலும் ஆகாது. கருவி நம் வாயிலை நோக்குக. அண்டை வீட்டுக் கிணற்றடியை நோக்கற்க. படுக்கையறையில் எக்கருவியும் வேண்டா.

பாதுகாப்பு ஆய்வில் தேறிய கருவிகளையே விற்றல் வேண்டும் என்னும் நெறியை இந்திய ஒன்றிய அரசு 2025 ஏப்பிரல் 9 முதல் நடைமுறைப்படுத்தியது. நல்லது. ஆனால் அதற்குமுன் சுவரேறிய கருவிகள் இன்னும் அங்கேயே உள்ளன. அவற்றின் கடவுச்சொல்லை எந்த அரசும் வந்து மாற்றாது. அது வீட்டாரின் வேலை.

இவ்விதழைப் படித்து முடித்ததும் எழுந்து, உங்கள் வாயிலில் உள்ள கருவியின் இணைய இணைப்பைச் சற்றே துண்டித்துப் பாருங்கள். அவன் தொடர்ந்து கடமையாற்றினால், உங்கள் ஒற்றன். செயலற்று நின்றால், உங்கள் சோற்றை உண்டு பிறனுக்கு உழைப்பவன். அவனை மாற்றுங்கள், அன்றேல் இறக்குங்கள்!