பழைய வண்டியும் புதிய குற்றமும்

ஆரணியில் பட்டு நெய்கிறவர் தம் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியை ஏற்றினார். தறியின் அசல் உருவம் கெட்டுவிட்டது என்று யாராவது வழக்குப் போட்டார்களா? சேலையைப் பார்த்தார்கள்; வாங்கினார்கள்.

அதே ஊரில் ஒருவர் ஓட்டை பிக்கப் வண்டி ஒன்றை எடுத்து, கூரையைத் தாழ்த்தி, வேறு எஞ்சின் பூட்டினால் மட்டும் குற்றவாளி ஆகிவிடுகிறார்! அமெரிக்காவில் இத்தகைய வண்டிக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், கையில் அதிகம் காசில்லாத வாலிபர்கள் பழைய ஃபோர்டுகளைக் கொண்டு வளர்த்த கலை அது.

இங்கேயோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றாதே என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2021-ல் ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. கொலுப் பொம்மையாக வைத்துக்கொள்ளலாம். பாடுபட்டுத் திருத்தக் கூடாது!

"உயிருக்கு ஆபத்தாயிற்றே!" என்பீர்கள். நியாயம்தான். வேகமான எஞ்சினைப் பூட்டிவிட்டுப் பழைய பிரேக்கையே விட்டுவைப்பவன் கொலைக்குத் துணிந்தவன். ஆனால் 1938 மாடல் வரை ஃபோர்டு கார்களில் இருந்தது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் அல்ல. வெறும் இயந்திர பிரேக்தான். அப்படியிருக்க, 'அசல்' என்ற சொல் எப்படிப் பாதுகாப்புக்குச் சான்றாகும்?

பிரேக்கைச் சோதியுங்கள். பற்றவைத்த இடங்களைத் தட்டிப் பாருங்கள். தேறாத வண்டியை நிறுத்துங்கள். தேறியதற்குப் பதிவு கொடுங்கள். பரீட்சை வைக்கச் சோம்பல்படுகிற வாத்தியார்தான் வகுப்பு முழுவதையும் ஃபெயிலாக்குவார்.