வெளிமானுக்கு மரம் வேண்டாம், புல் வேண்டும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

மேச்சேரி ஆட்டுக்குப் பேர்போன சேலம் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் வெளிமான் சரணாலயம் கிடையாது. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு வெளிமான் சரணாலயத்தைப் பற்றி இவனுக்கென்ன கவலை என்று தோன்றலாம். அங்கே புல்லை மரம் மூடி மானின் தீனியைப் பறிப்பதுபோல் இங்கே ஆட்டின் தீனியும் பறிபோகக் கூடும்.

வல்லநாடு 1987இல் சரணாலயமானது. பதினாறு சதுர கிலோமீட்டர் சொச்சம். ஒரு கரடும் முள்காடும், அவ்வளவுதான். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அது. புலிக்குள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமானுக்கும் உண்டு. ஆனால் அங்கே பரவும் சீமைக் கருவேலத்துக்குச் சட்டம் தெரியாதே!

வெளிமான் பிழைப்பது கண்ணாலும் காலாலும். தூரத்தில் வரும் நாயைப் பார்த்துவிட்டால் ஓடித் தப்பிவிடும். அதற்கு வெட்டவெளி வேண்டும். கருவேலம் அடர்ந்தால் புல்லும் போகும், பார்வையும் மறையும். 1967 முதல் சரணாலயமாக இருக்கும் கோடிக்கரையிலும் இதே தொல்லைதான். கொடுமை என்னவென்றால், கோடைப் பசிக்கு மானே கருவேலக் காயைத் தின்று, புழுக்கையோடு விதையைப் பரப்பிவிடுகிறது. மரத்தை மேலே வெட்டினால் அடிக்கட்டை மறுபடி தழைக்கும். வேரோடு எடுத்து, முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கினால்தான் புல் திரும்பும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக்கப் பார்க்கிறது. நல்ல நோக்கம். ஆனால் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவிட்டால், அடுத்தது குழி தோண்டிக் கன்று நடுவதுதான். சேலம், நாமக்கல் சமவெளியின் மேய்ச்சல் புறம்போக்குகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது. மரக்கன்றோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். புல்லோடு நின்று யார் எடுத்துக்கொள்வார்கள்?

ஆகவே ஐயா, வல்லநாட்டிலும் கோடிக்கரையிலும் கருவேலம் அகற்ற ஒரே தவணையாக அல்லாமல் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கச் செய்யுங்கள். சுற்றியுள்ள ஊராட்சிகளோடு பேசித் தெருநாய்களைக் கட்டுப்படுத்துங்கள். இயற்கைப் புல்வெளிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் தனியே வரைபடமாக்கி, மரம் நடும் பட்டியலிலிருந்து நீக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதுங்கள். அடுத்த நடவுப் பருவத்துக்கு முன்பே அந்தக் கடிதம் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வந்து சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேலம் மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்