மரநிழலும் ஓய்வும்

ஒரு மாநகரத்து ஜனங்களுக்குச் சர்க்கார் செய்து தரக்கூடிய உபகாரங்களில், குடிதண்ணீரையும் மருத்துவமனையையும் பள்ளிக்கூடத்தையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், விஸ்தாரமான ஒரு பொதுப் பூங்காவுக்கு நிகரானது வேறொன்றுமில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். செல்வந்தர் தம் மாளிகையைச் சுற்றிப் பூந்தோட்டம் வைத்துக்கொள்வார். பள்ளி விடுமுறை வந்தால் கேமரன் மலைக்கும் போய் வருவார். அடுக்குமாடி வீட்டின் மேல் மாடியொன்றில், துணி உலர்த்தும் கம்பிக்கும் அண்டை வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு துளசிச் செடிக்கு மட்டும் இடம் கண்டுபிடித்து வாழும் குடும்பத்துக்கோ, ஏரியும் புல்வெளியும் தலைமுறைகள் கண்ட விருட்சங்களும் சேர்ந்த ஒரு பூமியைச் சொந்தமாக்கித் தருவது பொதுப் பூங்கா ஒன்றுதான். கோலாலம்பூரில் அத்தகைய பூமி ஒன்று, பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்ச் சேரும் தூரத்தில், நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. நம்மவர் இன்றும் லேக் கார்டன் என்றே அழைப்பதும், 2011 முதல் பெர்டானா தாவரவியல் பூங்கா என்ற பெயரைத் தாங்கியிருப்பதுமான அந்த இடத்துக்கு நம் குடும்பங்கள் எவ்வளவு அபூர்வமாகப் போகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. வெயிலுக்குப் பயந்து பேரங்காடிக்குள் ஒதுங்கி, வாங்க வேண்டியதும் வேண்டாததுமான பொருள்களைப் பார்த்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டு, போன களைப்போடு இன்னொரு களைப்பையும் சேர்த்துக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

சிலாங்கூரின் தலைநகரம் 1880ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டபோது, கோலாலம்பூர் அத்தாப்புக் கூரைகளும் ஈயச் சுரங்கங்களும் சேறும் நிறைந்த ஓர் ஊராகவே இருந்தது. மறு வருஷமே தீயும் வெள்ளமும் அவ்வூரைப் பாழ்படுத்தவே, இனி செங்கல்லால் கட்ட வேண்டுமென்று முடிவாயிற்று. அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலோடு வந்து சேர்ந்த நம் முன்னோர் பிரிக்பீல்ட்ஸில் குடியமர்ந்தார்கள். அவ்வாறு ஊர் உருப்பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், சிலாங்கூரின் பொக்கிஷ அதிகாரியாக இருந்த ஆல்ஃபிரட் வென்னிங் என்பவர், நகரத்தின் மேற்கே காடு மண்டிக் கிடந்த ஒரு பள்ளத்தாக்கைத் திருத்திப் பூங்காவாக்க வேண்டுமென்று 1888ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாமிடம் யோசனை கூறினார். யோசனை ஏற்கப்பட்டது. ஓடைக்குக் குறுக்கே அணை எழுப்பி ஏரி உண்டாக்கினார்கள். 173 ஏக்கர் நிலம் ஒதுக்கினார்கள். 1889 மே 13ஆம் தேதி கவர்னர் சர் செசில் கிளமென்டி ஸ்மித் பூங்காவைத் திறந்து வைத்தார். ரெசிடெண்டின் மனைவி பெயரால் ஏரிக்குச் சிட்னி ஏரி என்ற நாமம் சூட்டப்பட்டது.

அந்தப் பூங்கா அன்று யாருக்காக அமைந்தது என்பதில் சந்தேகமில்லை. 1890இல் அதன் ஓரத்திலேயே தோன்றிய லேக் கிளப்பில் வெள்ளையர் மட்டுமே அங்கத்தினராக இருக்க முடிந்தது. குன்றின்மேல் சுவெட்டன்ஹாமுக்காகக் கட்டப்பட்ட கார்கோசா மாளிகை ஆட்சியின் சின்னமாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. சுதந்திரம் வந்தது, 1963இல் பக்கத்துக் குன்றில் நாடாளுமன்றக் கட்டடம் எழுந்தது, 1975இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்தில் தாமான் தாசிக் பெர்டானா என்ற புதுப் பெயரும் வந்தது. அதிகாரிகள் தங்கள் மாலை உலாவுக்காக உண்டாக்கிய பூமி, யாரும் எவரிடமும் அனுமதி கேளாமல் நுழையக்கூடிய பூமியாயிற்று. இந்த மாறுதலை நான் சாமானியமாகக் கருதவில்லை.

உள்ளே போகிறவன் முதலில் செய்ய வேண்டியது அவசரத்தை விடுவது. அதைச் செய்தவனுக்குப் பூங்கா தன் பொக்கிஷங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். இங்குள்ள மரங்களில் நம்மவர் கண்ணில் சட்டென்று படுவது நாகலிங்க மரம். மற்ற மரங்களைப் போல் அது கிளை நுனியில் பூப்பதில்லை. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில் பூக்கிறது. மலர் ஒன்றைக் கையில் ஏந்திப் பாருங்கள். மெழுகில் வார்த்தாற்போன்ற தடித்த இதழ்கள் ஆறு. நடுவே ஒரு சிறு வட்டத்தில் நெருங்கி நிற்கும் கேசரங்கள். அந்த வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து எழுந்து வளைந்து, நடுவிலுள்ள சிறு மேட்டின்மேல் கவிந்து நிற்கும் மற்றொரு கேசரக் கூட்டம். லிங்கத்தின்மேல் நாகம் படம் விரித்து நிற்பதாக நம் பெரியவர்கள் கண்ட காட்சி அங்கே பிரத்தியட்சமாக இருக்கிறது. வாசனையோ கோயில் பிராகாரத்தை நினைவூட்டும். இத்தனைக்கும் இம்மரம் தமிழகத்துக்கும் உரியதன்று, மலாயாவுக்கும் உரியதன்று. தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து கடல் கடந்து வந்து, சிவாலயங்களின் வாசலில் பரம்பரைக் குடியைப் போல் நிலைத்துவிட்டது.

அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான் தூங்குமூஞ்சி மரமும். அதன் பரந்த கிளைகளில் பறவைக்கூட்டுப் பெரணி கொத்துக் கொத்தாக அமர்ந்திருக்கும். மாலை ஐந்து மணியளவில் இலைகள் மெல்ல ஜோடி ஜோடியாகக் கூம்புகின்றன. வானம் இருண்டு மழை வரப்போகிறதென்றாலும் அவ்விதமே கூம்பும். மலாய்க்காரர் இதை ஐந்து மணி மரம் என்பதும் இதனால்தான். ஏரிக்கரையில் அசையாமல் கிடக்கும் நீர் உடும்பு திடீரென்று தண்ணீரில் இறங்கித் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு அக்கரை சேர்வதை ஒரு குழந்தை பார்த்து நிற்கிறது. சற்றுத் தள்ளி முதிய சீனர்கள் சிலர் நிதானமாகக் கையசைத்துத் தேகப் பயிற்சி செய்கிறார்கள். மலாய்க் குடும்பமொன்று பாயை விரித்து நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரிக்கிறது. ஒருவர் மற்றவரை விசாரிப்பதில்லை, விலக்குவதுமில்லை. பல இனத்தார் ஒன்றாக வாழும் ஒரு தேசத்தில், வாங்காமலும் விற்காமலும், சொற்பொழிவு கேளாமலும் எல்லாரும் ஒரே நிழலில் உட்காரும் இடங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

தாவரவியல் பூங்காவோடு மலேசியத் தமிழருக்குள்ள சம்பந்தம் நாம் நினைப்பதைவிட ஆழமானது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனிலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்தவை சொற்பமே. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. மறு வருஷம் 22 நாற்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்தில் நட்டவற்றுள் ஒன்றென்று கருதப்படும் முதிய மரம் அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகிறது. வென்னிங் தம் யோசனையைத் தெரிவித்த அதே 1888இல் சிங்கப்பூர் பூங்காவுக்குத் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தை வெட்டிச் சாய்க்காமல் பட்டையை மட்டும் சீவி வருஷக்கணக்கில் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். அதன் பின் காடுகள் சரிந்தன, பால்மரங்கள் அணிவகுத்தன, அம்மரங்களுக்காகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். ஒரு பூங்காவின் நாற்றங்காலில் வைத்துத் தண்ணீர் ஊற்றப்பட்ட செடி ஒரு சமுதாயத்தின் தலைவிதியையே எழுதியது.

நம் பாட்டன் பாட்டிமார் மரங்களிடையேதான் வாழ்ந்தார்கள். ஆனால் எப்படி வாழ்ந்தார்கள்? விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடி, பட்டை சீவி, பால் வடிந்த மங்கு கவிழ்த்து, பால் வாளியைக் காண்டாத் தடியில் சுமந்து, கங்காணியின் கணக்குக்கு உட்பட்டு வாழ்ந்தார்கள். மரத்தை அண்ணாந்து பார்க்கவோ, அதன் கீழே சும்மா உட்காரவோ அவர்களுக்கு அவகாசம் இருந்ததில்லை. அவர்களுடைய பேரர்கள் இன்று எந்தத் துரைக்கும் கணக்குச் சொல்லாமல் ஓர் ஏரிக்கரையில் கால் நீட்டி அமரலாம் என்பதை நான் ஒரு பெரும் பாக்கியமாக எண்ணுகிறேன். அந்தப் பாக்கியத்தை நாம் அனுபவிக்காமல் விடுவது அவர்களுடைய உழைப்புக்குச் செய்யும் குறை என்றும் எண்ணுகிறேன்.

லேக் கார்டன் என்றதும் பலருக்கு நினைவு வருவது 1991இல் திறந்த பறவைப் பூங்கா, அல்லது பட்டாம்பூச்சிப் பூங்கா, கோளரங்கம், 1966இல் எழுப்பிய தேசிய நினைவுச் சின்னம் முதலியவை. அவை காணத் தகுந்தவையே. ஆயினும் சீட்டு வாங்கிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் தாவி, இடையிலுள்ள ஏரியையும் மரங்களையும் கண்ணாடி வழியே கடந்து போகிறவர் பூங்காவைப் பார்த்ததாக ஆகாது. அலங்காரங்கள் பெருகப் பெருக, ஒன்றுமில்லாத வெறும் புல்வெளிக்கு மதிப்புக் குறைந்து வருகிறதோ என்ற கவலையும் எனக்கு உண்டு. இன்றுள்ள 90 ஹெக்டேர் சொச்சத்தில் இனி ஒரு கட்டடமும் எழக்கூடாது. நடந்து வருகிறவர்களைப் பற்றியும் மாநகர் மன்றம் கொஞ்சம் சிந்திக்க வேண்டும். வாகனங்கள் இரையும் சாலைகள் பூங்காவை ஊரிலிருந்து துண்டித்து வைத்திருப்பதால், பிரிக்பீல்ட்ஸில் கந்தசாமி கோயிலுக்கு வந்த ஒரு முதியவர் தரிசனம் முடித்து ஏரிக்கரைக்கு நிழலிலேயே நடந்து போக இன்று வழியில்லை. அந்த வழியை அமைப்பது ஒரு நகரத்துக்குப் பெரிய செலவன்று.

ஈயம் தோண்டிப் பாழாக்கிய நிலத்தில் 1920களின் பிற்பகுதியில் மரம் நடத் தொடங்கி, இன்று மழைக்காடாகவே வளர்ந்து நிற்கும் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதன் கெடுத்த பூமியை மனிதனே திருத்த முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி இந்நாட்டில் இல்லை, 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அங்கீகரித்ததும் முற்றும் பொருத்தமே. கிள்ளான்வாசிகளுக்கு ஷா ஆலம் தாவரவியல் பூங்கா இன்னும் அண்மையில் இருக்கிறது.

ஆதலால் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. வருகிற விடுமுறையில் குழந்தைகளை லேக் கார்டனுக்கு அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் வேலை செய்த தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் அவர்களையும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். மலாய்ப் பெயரும் லத்தீன் பெயரும் எழுதிய பலகையைப் பேரன் படிக்கட்டும். தஞ்சோங் என்று மலாய்க்காரர் சொல்லும் மரம் நம் மகிழமரம் என்றும், உதிர்ந்து காய்ந்த பிறகும் அதன் பூவுக்கு மணம் போகாதென்றும் பாட்டி சொல்லிக் கொடுக்கட்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களை ஆண்டுக்கொரு முறையேனும் அங்கே கூட்டிச் சென்று, ரப்பர் நாற்று வந்த கதையை ஒரு மரத்தடியில் வைத்துச் சொல்ல வேண்டும். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு நடைபாதை இருக்கிறது. அருங்காட்சியகத்தைத் தாண்டினால் பூங்கா. காலை ஏழு மணிக்கே வாயில் திறந்துவிடுகிறார்கள்.