வானத் தோணியின் கணக்கு

சம்பூர்க் கரையில் நின்று வடக்கே நோக்கினால், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் கோணமாமலை தெரியும். அம்மலையடிக் கடலில் 1956ஆம் ஆண்டு மூழ்கி, அழிந்த கோயிலின் தூண்களைக் கண்டவர்களுள் ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் ஒருவர். ஆழ்கடலில் பழமையைத் தேடிய அவரே ஆகாயத்தில் வருங்காலத்தையும் தேடினார்.

ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அவர் கதையமைத்து 1968இல் வெளிவந்த திரைப்படத்தில், ஒரு பிரயாணி பான் அமெரிக்கன் கம்பனியின் வானோடத்தில் ஏறி விண்வெளி நிலையத்துக்குச் செல்கிறார். அதனை வீண் கற்பனையென்று உலகம் ஒதுக்கவில்லை. அதே கம்பனி சந்திரப் பிரயாணத்துக்குப் பெயர் பதிந்தபோது 93,000க்கும் அதிகமானோர் முன்வந்தனர். கதையில் குறித்த 2001ஆம் ஆண்டு வந்தது. சந்திரனுக்கு வண்டிதான் வரவில்லை. கம்பனியோ 1991இலேயே மூடப்பட்டுவிட்டது.

நம்பிக்கை எங்கே முறிந்தது? அமெரிக்காவின் 'ஷட்டில்' விண்ணோடம் இதற்கு விடை கூறும். ஒருமுறை பறந்து வீணாகும் ராக்கெட்டுக்குப் பதிலாக, போய்த் திரும்பி மறுபடியும் போகும் ஓடம் இருந்தால் செலவு குறையும் என்று எண்ணினர். நம் மீனவர் வள்ளத்தைக் கரையேற்றி, கிழிந்த வலையைச் செப்பனிட்டு, மறுநாளே கடலில் தள்ளுவதில்லையா? அதுபோல் இரண்டு வாரத்தில் ஓடம் மீண்டும் பறக்கும் என்றனர். 1981இல் பறக்கத் தொடங்கிய அதற்கு, மிக விரைவாக ஆயத்தமானபோதும் 54 நாட்கள் பிடித்தன. வெப்பந் தாங்கப் பதித்த 20,000க்கு மேற்பட்ட ஓடுகளைச் சோதிக்கவேண்டும். இயந்திரங்களைக் கழற்றிப் பார்க்கவேண்டும். கரைசேர்ந்த வள்ளத்தை ஒவ்வொரு முறையும் பலகை பலகையாகப் பிரித்துக் கட்டுவதானால் எந்த மீனவன் பிழைப்பான்?

நட்டம் பணத்தோடு நிற்கவில்லை. 1986இல் சலஞ்சரும் 2003இல் கொலம்பியாவும் சிதைந்து, கல்பனா சாவ்லா உட்பட 14 பேர் மாண்டனர். முன்னதில் குளிரால் விறைத்த ஒரு ரப்பர் வளையம். பின்னதில் பெயர்ந்து இறக்கையைத் துளைத்த ஒரு நுரைத்துண்டு. இரண்டு குறைகளும் முந்திய பயணங்களிலேயே தலைகாட்டியவை. பலமுறை தப்பியதனால் இனியும் தப்பலாம் என்று மேலிடத்தார் எண்ணிவிட்டனர். 2011இல் 135ஆவது பயணத்தோடு ஷட்டில் ஓய்ந்தது.

ஆயினும் முயற்சி ஓயவில்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2017 முதல் ராக்கெட்டின் அடிப்பகுதியை மீண்டும் பறக்கவிடுகின்றது. இந்தியாவின் 'புஷ்பக்' என்னும் ஆளில்லா மாதிரி ஓடம், 2024இல் சித்திரதுர்க்கத்தில் ஹெலிகொப்டரிலிருந்து விடுவிக்கப்பட்டுத் தானே தரையிறங்கிற்று. சாதாரண மக்கள் ஏறும் வண்டிக்கு இன்னும் நெடுந்தூரம் உண்டு. கிளாக்கும் விண்ணேறாமலே 2008இல் கொழும்பில் காலமானார்.

வானத்தைக் காட்டி, "நான் அங்கே போவேன்" என்று உங்கள் பிள்ளை சொன்னால் நகையாதீர்கள். கனவைக் கலைக்கவும் வேண்டாம். அந்த ரப்பர் வளையத்தின் கதையையும் கூடவே சொல்லுங்கள். சிறு குறையைக் கண்டால் வாய்திறந்து சொல்லும் துணிவு, வானேறுவோருக்கு மட்டுமன்றி வள்ளம் ஏறுவோருக்கும் வேண்டியதே.