உமியின் கணக்கு

சாதம் வடிக்க எவ்வளவு எரிபொருள் ஆகிறது என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அரிசி கடைக்கு வந்து சேருமுன்பே அதன் பொருட்டுச் செலவான சக்தி எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் சில ரஸமான விஷயங்கள் வெளிவருகின்றன.

ஆதியில் அந்தச் சக்தி முழுவதும் ஸ்திரீகளின் தோளில் இருந்தது. உரலும் உலக்கையும் நிலக்கரி கேட்கவில்லை, மின்சாரமும் கேட்கவில்லை. விடியற்காலையில் எழுந்து கை சோரக் குத்தியவர்களின் உழைப்பை எந்தச் சர்க்கார் புள்ளி விவரமும் சக்திச் செலவில் சேர்க்கவில்லை. பிறகு ஊருக்கு ஊர் 'ஹல்லர்' யந்திரம் வந்தது. தோள் வலி தீர்ந்தது. நெல் குத்திப் பிழைத்த ஏழைப் பெண்களின் கூலியும் அத்துடன் போயிற்று. 1934-ல் வார்தாவில் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியது இதனால்தான். சுதந்திரம் வந்த பின், 1958-ல், அரிசி ஆலைகளுக்கு லைசென்ஸ் வேண்டுமென்று சட்டமே பிறந்தது. ஆனாலும் உலக்கை மீளவில்லை. 1997-ல் அந்தச் சட்டமும் ரத்தாயிற்று.

ஹல்லரிடம் வேறொரு குற்றமும் உண்டு. அது உமியையும் தவிட்டையும் ஒன்றாகச் சுரண்டிக் கலந்து தள்ளிவிடும். அரிசியையும் நிறைய நொறுக்கிவிடும். கலந்த பண்டம் அடுப்புக்கும் சரிப்படாது, எண்ணெய் எடுக்கவும் உதவாது. 1960-களில் தஞ்சை ஜில்லா முதலிய இடங்களில் நவீன ஆலைகள் ஏற்பட்டன. அவற்றில் ரப்பர் உருளைகள் உமியை மட்டும் தனியே உரித்து எடுத்தன. தவிடு தனியே வந்து எண்ணெய்க்குப் போயிற்று. உமி ஆலையின் கொதிகலனுக்குப் போயிற்று.

இந்த உமியை அற்பமாக எண்ண வேண்டாம். ஆயிரம் கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி. கிலோவுக்குச் சுமார் 3,000 கிலோகலோரி வீதம், அதில் ஆறு லட்சம் கிலோகலோரி வெப்பம் அடங்கியிருக்கிறது. புழுக்கிய நெல்லில் நூற்றுக்கு 30 பங்கு ஈரம் என்று வைத்துக்கொள்வோம். அதை 14 பங்குக்கு இறக்கினால்தான் அரைக்கலாம். அவ்விதம் உலர்ந்த ஆயிரம் கிலோ நெல் கிடைப்பதற்குச் சுமார் 230 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். கிலோவுக்கு 540 கிலோகலோரி வீதம் கணக்கிட்டால் ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கையிலிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு! ஊறவைக்கவும் அவிக்கவும் ஆகும் வெப்பத்தையும், புகைபோக்கி வழியே வீணாவதையும் சேர்த்தாலும், உலையும் உலர்த்தியும் ஒழுங்காயிருந்தால் மிச்சமே நிற்கும். களத்தில் வெயிலில் காயவைத்தாலோ இன்னும் லாபம். அதாவது, புழுங்கலரிசிக்கு வேண்டிய வெப்பத்தை நெல்லே தன் முதுகில் சுமந்து வருகிறது!

மிச்சத்தை என்ன செய்யலாம்? பீகாரில் மேற்குச் சம்பாரண் ஜில்லாவில் 2007-ல் உமியிலிருந்து வாயு எடுத்து, அதனால் எஞ்சினை ஓட்டி, இருண்ட கிராமத்துக்கு மின்விளக்குப் போட்டார்கள். எரிபொருளுக்குக் கப்பல் வர வேண்டியதில்லை. பக்கத்து வயல் போதும்.

இவ்வளவு சிக்கனத்தையும் ஒரு புறம் சம்பாதித்துவிட்டு மறு புறம் கரைக்கிறோம் என்பதுதான் வருத்தம். ஆலையின் மோட்டார்களுக்கு வேண்டியது மின்சாரம். நம் தேசத்து மின்சாரத்தில் பெரும் பகுதி நிலக்கரியிலிருந்து பிறக்கிறது. அரிசி மல்லிகைப்பூவாக இருக்க வேண்டுமென்று நாம் ஆசைப்படுகிறோம். ஆகவே ஒரு முறை தீட்டியதை மறு முறை தீட்டுகிறார்கள். பிறகு பட்டுப்போல் மினுங்க மெருகிடுவதற்கென்றே தனி யந்திரம் வைக்கிறார்கள். ஒவ்வொரு தீட்டலுக்கும் மின்சாரம் செலவு. ஒவ்வொரு தீட்டலிலும் போவது தவிடு. தவிட்டோடு போவது உயிர்ச்சத்து. ஜாவாத் தீவில் டாக்டர் ஐக்மன் தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள உறவைக் கண்டது 1890-களில். அதற்காக அவருக்கு 1929-ல் நோபல் பரிசும் கிடைத்தது. புழுக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் ஊறி நிலைத்துவிடுகிறது என்பதும் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. வெப்பத்தைச் செலவிட்டு உள்ளே சேர்த்த சத்தை மின்சாரத்தைச் செலவிட்டு வெளியே தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

உலக்கையை மறுபடி பெண்கள் கையில் கொடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. யந்திரம் அரைக்கட்டும், உமி எரியட்டும். கடைக்காரரிடம் "நல்ல வெள்ளையாக இருக்கிறதா?" என்று கேட்பதை மட்டும் நாம் நிறுத்திக்கொள்ளலாம். "அதிகம் தீட்டாத புழுங்கல் இருக்கிறதா?" என்று பத்து வீட்டார் கேட்டால் கடைக்காரர் அதைத் தருவிப்பார், நூறு கடைக்காரர் கேட்டால் ஆலைக்காரர் மெருகு யந்திரத்தை நிறுத்துவார். மின்சாரத்துக்கு மின்சாரமும் மிச்சம். குழந்தைகளின் தேகத்துக்குப் புஷ்டியும் ஆகும்.