விளம்பரம் வந்தால் இரண்டே மாதம்!



திருவதிகை, பண்ருட்டி சுற்றுவட்டாரத்தில் ஆடு மாடு வச்சிருக்கிற யாருக்கும் மேய்க்கால் புறம்போக்கின் அருமை தெரியும். அதுக்கு நம்மகிட்ட பட்டா ஏது? பாட்டன் காலத்துப் பழக்கம்தான் பத்திரம். அப்படிப்பட்ட பொது நிலத்தை அரசு நாளைக்கே "தேசியப் பூங்கா" ஆக்கினால் நம் கதி என்ன?

மலைக்காட்டு சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் கழுவேலி நீர்நிலை 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். பேர்தான் தேசியப் பூங்கா. மாநில அரசே அறிவிக்கலாம். முதலில் "அமைக்க உத்தேசம்" என்று ஓர் அறிவிக்கை. அன்று முதல், வாரிசு வழியில் வருவது தவிர, புது உரிமை எதுவும் செல்லாது. 60 நாளுக்குள் கலெக்டர் ஊர் ஊராக, தமிழில் விளம்பரம் செய்ய வேண்டும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நம் உரிமையை எழுத்தில் கொடுக்க வேண்டும். பிறகு விசாரணை. உரிமைகள் எல்லாம் அரசு கைக்குப் போனதும் கடைசி அறிவிக்கை.

சரணாலயத்தில் பழைய உரிமை சிலதைத் தொடர விடலாம். தேசியப் பூங்காவில் அந்த வழியும் அடைப்பு. மேய்ச்சலுக்கு ஒரு மாடு உள்ளே நுழையக் கூடாது!

முதுமலையைப் பாருங்கள். 1940-ல் சரணாலயம், அதில் ஒரு பகுதி 1990-ல் தேசியப் பூங்கா, 2007-ல் புலிகள் காப்பகம். தலைமுறை தலைமுறையாய் அங்கே நெல் பயிரிட்ட குடும்பங்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பின.

பறவைக்கும் யானைக்கும் நாம் விரோதியா? இல்லவே இல்லை. ஆனால் அதுக்கான விலையை ஏழை உழவன் மட்டுமே கட்டணுமா? அதுவும் அவனைக் கேட்காமலே?

காட்டு நிலத்தில் வாழ்பவர்களை வன உயிரினத்துக்காக இடம் மாற்றும் முன், அவர்கள் உரிமையை அங்கீகரித்து, கிராம சபையின் சம்மதமும் வாங்க வேண்டும் என்கிறது 2006 வன உரிமைச் சட்டம். அதே நியாயம் ஊர்ப் புறம்போக்குக்கும் வேண்டும்! இதுவே நம் கோரிக்கை.

அதுவரை சும்மா இருக்கலாமா? அடுத்த கிராம சபையிலேயே மேய்க்கால், வண்டிப்பாதை, வாய்க்கால் எல்லாவற்றையும் சர்வே எண் போட்டுத் தீர்மானமாக எழுதுங்கள். நகல் வாங்கி வையுங்கள். வரி ரசீது, பி மெமோ ரசீது எதையும் தொலைக்காதீர்கள். விளம்பரம் வந்த பிறகு காகிதம் தேடினால் இரண்டு மாதம் போதாது.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம்! ஒன்றுபடுவோம்! பொது நிலம் காப்போம்!